பானைக்குள் ஒரு பகைவன்!

பயறு வண்டை அடக்கும் எண்ணெய் வைத்தியம்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே மண்டகப்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. சிறிய ஊர்தான். ஆனால் சரித்திரப் புத்தகங்களில் அந்த ஊருக்குப் பெரிய இடம் உண்டு.

அங்கே ஒரு குன்று. குன்றைக் குடைந்து ஒரு கோயில். குடைந்தவன் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன். 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன்.

பிரம்மா, சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் சேர்த்து அவன் அந்தக் கோயிலை அமைத்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இவை எதுவும் இல்லாமலே கோயிலை ஆக்கியதாகக் கல்வெட்டிலும் பொறித்து வைத்தான்.

ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் ஓடிவிட்டன. கோயில் நிற்கிறது. கல்லைக் கரையான் அரிக்குமா? வண்டு துளைக்குமா?

ஆனால் தானியம் அப்படி அல்ல. விழுப்புரம் மாவட்டத்து மக்கள் உளுந்து பயிரிடுகிறார்கள். வெயிலில் உழைத்து விளைவிக்கிறார்கள். பானையில் கொட்டி, வாயை மூடி, பத்திரமாக வைக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் பாதி ஓட்டை! பாதி மாவு!

திருடன் வரவில்லை. எலி வரவில்லை. பிறகு யார் தின்றது?

கோட்டையும் களஞ்சியமும்

மண்டகப்பட்டிலிருந்து செஞ்சிக் கோட்டைக்குப் போவோம். 2025 ஜூலை மாதம் யுனெஸ்கோ சபை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்த கோட்டை இது. மராட்டியர் கோட்டைகள் 12 சேர்ந்த வரிசையில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான்.

ராஜகிரி மலையின் அடிவாரத்தில் பெரிய களஞ்சியம் ஒன்றைப் பார்க்கலாம். தடித்த சுவர்கள். வளைந்த கூரை. கிருஷ்ணகிரி மலையின் மேலும் களஞ்சியங்கள் உண்டு. அங்கே எண்ணெய்க் கிணறு என்று காட்டும் குழியும் இருக்கிறது.

எதற்காக இவ்வளவு பெரிய களஞ்சியம்? காரணம் இருக்கிறது.

மராட்டிய மன்னர் ராஜாராம் இந்தக் கோட்டையில் தங்கியிருந்தார். 1690-ல் மொகலாயப் படை கோட்டையை முற்றுகையிட்டது. 1698-ல்தான் கோட்டை விழுந்தது. எத்தனை ஆண்டுகள், பார்த்தீர்களா? பீரங்கியும் வாளும் இருந்தால் மட்டும் போதாது. உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு வேண்டும். களஞ்சியம் காலியானால் கோட்டையும் காலி!

நம் வீடும் ஒரு கோட்டைதான். குதிரும் பானையும் நம் களஞ்சியம். வாசலில் நிற்கும் பகைவனைக் கண்ணால் பார்க்கலாம். பானைக்குள் இருக்கும் பகைவனை எப்படிப் பார்ப்பது?

"மூடித்தானே வைத்தோம்!"

ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். மருமகள் உளுந்துப் பானையைத் திறக்கிறாள். உள்ளே பழுப்பு நிற வண்டுகள் ஊர்கின்றன.

"என்ன அத்தை இது? நல்லா மூடித்தானே வெச்சோம்? வண்டு எப்படி உள்ளே போச்சு?"

"வெளியே இருந்து வரலைம்மா. உளுந்தோடயே வந்திருக்கு. எங்க ஆயா இருந்தவரைக்கும் விளக்கெண்ணெய் தடவித்தான் வைப்பாங்க. நாமதான் விட்டுட்டோம்."

மாமியார் சொன்னது இரண்டு விஷயம். இரண்டும் உண்மை! விஞ்ஞானிகளும் அதையே சொல்கிறார்கள்.

இந்தப் பூச்சியின் பெயர் பயறு வண்டு. உளுந்து, பச்சைப் பயறு, துவரை, காராமணி, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் தாக்கும். 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளந்தான் இருக்கும்.

செடியில் காய் முற்றும்போதே வண்டு வயலுக்கு வந்து விடுகிறது. காயின் மேல் முட்டை இடுகிறது. அந்த முட்டையும் புழுவும் பயறோடு சேர்ந்து களத்துக்கு வருகின்றன. களத்திலிருந்து பானைக்கு வருகின்றன. நாம் பகைவனை உள்ளே வைத்துத்தான் பானையை மூடுகிறோம்!

ஒன்று இருபது ஆகும். இருபது நானூறு ஆகும்

பானைக்குள் என்ன நடக்கிறது?

தாய் வண்டு பயறின் தோல் மேல் முட்டையை ஒட்டி வைக்கிறது. உற்றுப் பார்த்தால் வெள்ளைப் புள்ளி போலத் தெரியும். சில நாட்களில் முட்டை பொரிகிறது. புழு வெளியே வருவதில்லை. முட்டையின் அடிப்பக்கமாகத் தோலைத் துளைத்து நேராகப் பயறுக்குள் போய்விடும். உள்ளேயே தின்று, உள்ளேயே வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, கடைசியில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வருகிறது. வெப்பமான காலத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

வெளியே வந்த வண்டு சில நாட்களே உயிரோடு இருக்கும். அது பயறைத் தின்பதுகூட இல்லை. முட்டை இடுவது ஒன்றே அதன் வேலை. தின்பதெல்லாம் புழுதான்!

ஒரு தாய் வண்டு பல பத்து முட்டைகள் இடும். அவற்றில் 20 பெண் வண்டுகள் மட்டும் பிழைப்பதாக வைத்துக் கொள்வோம். முதல் மாதம் 20. இரண்டாம் மாதம் 400. மூன்றாம் மாதம் 8,000! தின்னப் பயறு இருக்கும் வரை இந்தக் கணக்கு ஓடும்.

பயறில் ஓட்டை தெரிகிறது என்றால் வண்டு வெளியேறிவிட்டது என்று பொருள். நாம் பார்க்கும்போது திருட்டு முடிந்து விடுகிறது.

சமையலுக்கு வைத்த பயறு போனால் பண நஷ்டம். விதைக்கு வைத்த பயறு போனால்? அடுத்த போகமே போகும்! புழு தின்ற விதைகளில் பல முளைப்பதில்லை. முளைத்தாலும் நோஞ்சானாக வரும். மழை பெய்து, நிலம் ஈரமாகி, விதைக்க வேண்டிய நாளில் பானையைத் திறந்து தலையில் கை வைத்துக் கொள்வது எவ்வளவு பெரிய துயரம்!

எண்ணெய் என்ன செய்கிறது?

பயறின் மேல் எண்ணெய் பூசுவது நம் நாட்டில் பழைய பழக்கம். எண்ணெயின் வாசனைக்கு வண்டு ஓடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியமான காரணம் அது அல்ல.

முட்டைக்கும் மூச்சு உண்டு! முட்டைக்குள் வளரும் உயிருக்குக் காற்று வேண்டும். முட்டையில் மிக நுண்ணிய காற்று வழி இருக்கிறது. பயறின் மேல் பூசிய எண்ணெய் மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலம் காற்று வழியை அடைத்து விடுகிறது. உள்ளே இருக்கும் உயிர் வளராமல் மடிகிறது. வழுக்கும் தோலில் முட்டை சரியாக ஒட்டுவதும் கடினம்.

பயறு வண்டு முட்டையை வெளிப்பக்கம் வைக்கிறது. எண்ணெயும் வெளிப்பக்கம் இருக்கிறது. அதனால்தான் இந்த வைத்தியம் பலிக்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. புழு உள்ளே போய்விட்ட பிறகு எண்ணெய் பூசினால் அவ்வளவாகப் பயன் இல்லை. ஆகையால் அறுவடை முடிந்து, காய வைத்து, பானையில் போடும் அன்றே எண்ணெய் பூச வேண்டும். வண்டைக் கண்ட பிறகு எண்ணெயைத் தேடுவது, வெள்ளம் வந்த பிறகு அணை கட்டுவது போல!

ஆப்பிரிக்காவிலும் அதே வழி

ஆப்பிரிக்காவில் நைஜீரியா என்ற நாடு இருக்கிறது. அங்கே காராமணிதான் ஏழைகளின் இறைச்சி. அங்கும் பயறு வண்டு பெரும் தொல்லை.

இபாடான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள் காராமணியில் கடலை எண்ணெயைப் பூசிச் சோதித்தார்கள். 1978-ல் முடிவை வெளியிட்டார்கள். 1 கிலோ காராமணிக்கு 5 மில்லி எண்ணெய். அதாவது ஒரே ஒரு தேக்கரண்டி! அந்தச் சிறிய அளவே பல மாதங்களுக்கு வண்டைப் பெருக விடாமல் தடுத்தது.

கடலை எண்ணெய்க்கு நாம் நைஜீரியா போக வேண்டுமா? செஞ்சிப் பக்கத்து மக்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை அந்த மண்ணின் பயிர் அல்லவா? அருகே திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. டி.எம்.வி. என்ற பெயரோடு வரும் கடலை ரகங்கள் எல்லாம் திண்டிவனத்தின் பெயரைத் தாங்கியவைதான். மருந்து வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது!

செய்வது எப்படி?

முதலில், காய வைக்க வேண்டும். எண்ணெயைவிட இது முக்கியம். ஈரப் பயறில் எண்ணெய் பூசினால் பூஞ்சணம் பிடிக்கும். பயறை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் பரப்புங்கள். பல்லில் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

இரண்டாவது, ஆற வைக்க வேண்டும். வெயில் சூட்டோடு பானையில் கொட்டாதீர்கள். உள்ளே வேர்த்து ஈரமாகிவிடும். நிழலில் ஆறிய பிறகே எடுங்கள்.

மூன்றாவது, புடைத்துச் சுத்தம் செய்யுங்கள். ஓட்டை விழுந்தவை, உடைந்தவை, முட்டைப் புள்ளி உள்ளவை எல்லாவற்றையும் பொறுக்கி நீக்குங்கள். பழைய பயறையும் புதிய பயறையும் கலக்காதீர்கள். பானையின் மூலையிலும் சாக்கின் தையலிலும் பழைய வண்டு ஒளிந்திருக்கும். பானையை வெயிலில் கவிழ்த்து வையுங்கள். சாக்கை வெந்நீரில் முக்கி நன்றாக உலர்த்துங்கள்.

நான்காவது, எண்ணெயை அளந்து எடுங்கள். 1 கிலோ பயறுக்கு 5 முதல் 10 மில்லி வரை போதும். தேக்கரண்டியால் ஒன்று அல்லது இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். அளவு மீறினால் பயறு சிக்குவாடை அடிக்கும். விதையானால் முளைப்பும் கெடலாம்.

ஐந்தாவது, தேய்க்க வேண்டும். பயறைப் பெரிய முறத்திலோ தாம்பாளத்திலோ கொட்டுங்கள். எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, இரண்டு கையாலும் புரட்டிப் புரட்டித் தேயுங்கள். ஒவ்வொரு மணியும் மினுமினுக்க வேண்டும். ஆனால் எண்ணெய் சொட்டக் கூடாது. எண்ணெய் படாத மணி வண்டுக்கு நாம் திறந்து விட்ட கதவு!

ஆறாவது, பானையின் கழுத்து வரை நிரப்பி இறுக மூடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

விதைக்கு என்ன செலவு ஆகும்? ஓர் ஏக்கர் உளுந்துக்கு ஏறக்குறைய 8 கிலோ விதை வேண்டும். 8 கிலோவுக்கு மிஞ்சிப் போனால் 80 மில்லி எண்ணெய். அரை டம்ளர்கூட இல்லை! அரை டம்ளர் எண்ணெய் ஓர் ஏக்கர் நிலத்தின் விதையைக் காப்பாற்றுகிறது.

எந்த எண்ணெய் எதற்கு?

சாப்பிடப் போகும் பயறுக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் பூசலாம். விளக்கெண்ணெய் பழைய வழக்கம். சமைக்கும் முன் வெந்நீரில் நன்றாகக் கழுவுங்கள்.

விதைக்கு மட்டும் வைக்கும் பயறுக்கு வேப்பெண்ணெய், புங்க எண்ணெய் பூசலாம். வேப்பெண்ணெய் இரட்டை வேலை செய்யும். முட்டையின் மூச்சையும் அடைக்கும். அதில் உள்ள கசப்புப் பொருள்கள் பூச்சியின் வளர்ச்சியையும் கெடுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இயற்கைப் பொருள் என்றால் எல்லாம் உண்ணலாம் என்று எண்ண வேண்டாம். வேப்பெண்ணெயைக் குடித்த குழந்தைகள் வலிப்பு வந்து ஆபத்தான நிலைக்குப் போனது உண்டு. வேப்பெண்ணெய் பூசிய விதைப் பானையைத் தனியே வையுங்கள். "இது விதை" என்று பானையின் மேல் எழுதி ஒட்டுங்கள். வசம்புத் தூள் கலந்த விதைக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பதும் நம் கிராமங்களில் நல்ல வழக்கம். செம்மண் குழம்பில் பிசறி, காய வைத்து எடுத்து வைப்பார்கள். பயறை உடைத்துப் பருப்பாக்கி வைத்தாலும் வண்டின் தொல்லை குறையும்.

நெல்லுக்கும் அரிசிக்கும் எண்ணெய் பூசலாமா?

வேண்டாம்! பகைவன் மாறினால் ஆயுதமும் மாற வேண்டும்.

அரிசியில் வரும் கூன்வண்டுக்கு நீண்ட மூக்கு உண்டு. அந்த மூக்கால் தானியத்தைத் துளைத்து, உள்ளே முட்டையை வைத்து, பசை போன்ற பொருளால் ஓட்டையை அடைத்து விடும். உள்ளே ஒளிந்த முட்டையை மேலே பூசிய எண்ணெய் எப்படிப் போய்ச் சேரும்? அரிசியும் எண்ணெய்ப் பிசுக்காகிப் பாழாகும்.

நெல்லுக்கு நல்ல காய்ச்சல்தான் முதல் காவல். குதிரைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். நிழலில் உலர்த்திய வேப்பிலையும் நொச்சி இலையும் போடலாம். பச்சை இலையைப் போடாதீர்கள். அதன் ஈரமே தானியத்தைக் கெடுக்கும்.

வண்டு வந்துவிட்டதா என்று அறிய ஒரு கருவியும் உண்டு. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. துளைகள் உள்ள ஒரு குழாய். அதைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி வரும் வண்டுகள் துளை வழியாக உள்ளே விழுந்து மாட்டிக் கொள்ளும். ஒன்றிரண்டு வண்டு விழுந்த உடனே தானியத்தை எடுத்து வெயிலில் காய வைக்கலாம்.

வீட்டுக்குள் விஷம் வேண்டாம்!

"இவ்வளவு பாடு எதற்கு? ஒரு மாத்திரை போட்டால் தீர்ந்தது" என்று சொல்பவர்கள் உண்டு.

அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷ வாயுவைக் கக்கும். பூச்சியைக் கொல்லும் அதே வாயு மனிதனையும் கொல்லும். அதற்கு மாற்று மருந்து கிடையாது! பெரிய கிடங்குகளில், பயிற்சி பெற்றவர்கள், காற்றுப் புகாமல் மூடி, ஆட்களை அப்புறப்படுத்தி விட்டுப் பயன்படுத்தும் பொருள் அது. பொதுமக்களுக்கு அதை விற்கவே கூடாது என்பது விதி. படுத்து உறங்கும் வீட்டில் அதை வைப்பது, பாம்போடு படுப்பதற்குச் சமம்.

உணவும் விஷமும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாடு ஒரு முறை பார்த்திருக்கிறது. 1958-ல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சி மருந்து கோதுமை மாவில் கலந்து விட்டது. கப்பலில் உணவுப் பொருளோடு சேர்த்து அதை ஏற்றியதுதான் காரணம். அந்த மாவை உண்ட 100 பேருக்கு மேல் மாண்டு போனார்கள். 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் வருவதற்கு அந்தத் துயரமே காரணமாக இருந்தது.

ஒரு காலத்தில் தானிய மூட்டைக்கு நடுவே தூவிய பி.எச்.சி. தூளையும் 1997-ல் அரசாங்கம் தடை செய்தது. வீட்டில் பழைய தூள் பொட்டலம் எதுவும் கிடந்தால் அதைத் தொட்டுச் சோதனை செய்யாதீர்கள். வேளாண்மை அலுவலரிடம் சொல்லி, அவர் கூறும் வழியில் அப்புறப்படுத்துங்கள்.

எல்லோராலும் முடியும்

எண்ணெய் வைத்தியத்துக்கும் எல்லை உண்டு. நாளாக ஆக எண்ணெய்ப் படலத்தின் சக்தி குறையும். சில மாதங்களுக்குத்தான் அது காவல். லாரி லாரியாக வரும் மூட்டைகளுக்கு இது ஒத்து வராது. எட்டுக் கிலோ விதை, பத்துக் கிலோ உளுந்து, ஒரு பானைத் துவரை என்று வைத்திருக்கும் குடும்பத்துக்கு இதைப்போல எளிய வழி வேறு இல்லை.

மகேந்திரவர்மன், எதுவெல்லாம் இல்லாமல் கோயில் செய்தேன் என்று மண்டகப்பட்டுக் கல்லில் பொறித்தான். விஷம் இல்லாமல், பெரிய செலவு இல்லாமல், பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லாமல் விதையைக் காத்தேன் என்று நம் வீட்டுப் பெண்மணி ஒவ்வொருவரும் பெருமையோடு சொல்லலாம்.

அடுத்த அறுவடை வரும்போது மறந்து விடாதீர்கள். பயறு காய்ந்ததா? ஆறியதா? எண்ணெயை எடுங்கள். வண்டு முட்டை வைப்பதற்கு முன்னால் நீங்கள் முந்திக் கொள்ளுங்கள்!